யானையை உட்கார வைக்காதீர்கள்

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகள் படிவம் இரண்டில் படிக்கிறாள். நான்கு ஆண்டுகளாகச் சதுரங்கம் ஆடுகிறாள். அண்மையில் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் மூன்று ஆட்டங்களில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தும் மூன்றும் டிரா. வீட்டுக்கு வந்து பலகையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, “இனி ஆடப் போவதில்லை அம்மா” என்று சொல்லிவிட்டாளாம். புதிய ஓப்பனிங் வகுப்பு ஒன்றில் சேர்க்கலாமா, எது நல்லது என்று அம்மா கேட்கிறார். மூன்று ஆட்டங்களின் குறிப்புத் தாள்களையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

அம்மா, ஓப்பனிங் வகுப்புக்கு வைத்திருக்கும் ரிங்கிட்டை இப்போதைக்கு அப்படியே வைத்திருங்கள். உங்கள் மகளின் தொடக்கம் நன்றாகவே இருக்கிறது. மூன்று ஆட்டத்திலும் இருபதாவது நகர்த்தலில் அவள் கைதான் ஓங்கியிருக்கிறது. மூன்றுமே யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய நிலைக்கு வந்து அங்கேதான் நின்றுபோயிருக்கின்றன. இரண்டாவது ஆட்டத்தைப் பாருங்கள். பி2இல் இருக்கும் ஒரு சிப்பாயைக் காப்பதற்காக அவளுடைய யானை பி1இல் போய் உட்கார்ந்தது. அதன்பின் 22 நகர்த்தல்கள் அது எழுந்திருக்கவே இல்லை. பலகையின் மறுபக்கத்தில் அவளுடைய இன்னொரு சிப்பாய்க்கு முன்னால் பாதை திறந்து கிடந்தது. அதைத் தள்ளிவிட ஆள் இல்லை.

இந்த ஒரு விஷயத்தைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, எல்.ஆர்.டி.யில் நின்றபடி கைப்பேசியில் மூன்று நிமிட ஆட்டம் ஆடும் அலுவலக நண்பர்களுக்கும் இது ஆகும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ஏன் இத்தனை ஆட்டங்கள் யானை எண்ட்கேமில் வந்து நிற்கின்றன? காரணம் எளிது. யானைகள் மூலையில் இருந்து கடைசியாக வெளியே வருபவை. அதற்குள் குதிரைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். பல நேரங்களில் ராணிகளும் போயிருப்பார்கள். மிஞ்சுவது ஆளுக்கொரு யானை, நாலைந்து சிப்பாய்கள். “யானை எண்ட்கேம் எல்லாம் டிரா” என்று ஒரு பழைய வாசகம் சதுரங்க உலகில் உண்டு. அதைச் சொன்னவர் டாராஷ் என்று ஒரு கட்சி, டார்டகோவர் என்று இன்னொரு கட்சி. இந்த டார்டகோவர் எப்படித் தோற்றார் என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

1924ஆம் ஆண்டு, நியூயார்க். அன்றைய உலகச் சாம்பியன் கியூபாவின் காபாபிளாங்கா. முந்தைய சுற்றில்தான் ரெட்டியிடம் தோற்றிருந்தார். எட்டு ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த முதல் தோல்வி அது. அடுத்து எதிரே உட்கார்ந்தவர் டார்டகோவர், டச்சுத் தற்காப்பு ஆடினார். ஆட்டம் வெகு விரைவில் எளிமையாகி, 34ஆவது நகர்த்தலில் இப்படி நின்றது. வீட்டில் பலகை இருந்தால் எடுத்து வையுங்கள். படித்துக்கொண்டு போவதைவிடக் கையால் நகர்த்திப் பார்ப்பது பத்து மடங்கு மேல்.

வெள்ளை: ராஜா எஃப்3, யானை எச்7, சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி5. கறுப்பு: ராஜா எஃப்8, யானை சி6, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, எஃப்5. வெள்ளை ஆட வேண்டும்.

சிப்பாய் கணக்கு ஐந்துக்கு ஐந்து. ஆனால் இரண்டு யானைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளை யானை ஏழாம் வரிசையில், எதிரியின் வீட்டுக்குள் நிற்கிறது. கறுப்பு ராஜாவை எட்டாம் வரிசையில் பூட்டிவைத்திருக்கிறது. ஜி5இல் இருக்கும் வெள்ளைச் சிப்பாய்க்கு முன்னே ஜி கோட்டிலும் பக்கத்து இரண்டு கோடுகளிலும் தடுக்கக்கூடிய கறுப்புச் சிப்பாய் எதுவும் இல்லை. எஃப்5இல் ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டது, சிப்பாய் பின்னால் திரும்பிப் பிடிக்க முடியாது. இப்படி வழி திறந்த சிப்பாயைத்தான் ‘பாஸ்ட் பான்’ என்கிறோம். தமிழில் தடையில்லாச் சிப்பாய் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கறுப்பின் மிரட்டல் என்ன? சி3 சிப்பாயை வெட்டப் போகிறது, அதுவும் செக்கோடு. நம் வீட்டுப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த இடத்தில் சி3ஐயே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காபாபிளாங்கா அந்தச் சிப்பாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. ராஜாவை ஜி3க்கு நகர்த்தினார்.

டார்டகோவர் சி3ஐ வெட்டி செக் சொன்னார். ராஜா எச்4க்குப் போனது. கறுப்பு யானை எஃப்3க்கு வந்து அடுத்த சிப்பாயைக் குறிவைத்தது. காபாபிளாங்கா அதையும் விட்டுவிட்டு ஜி சிப்பாயை ஜி6க்குத் தள்ளினார். எஃப்4 சிப்பாயும் செக்கோடு போயிற்று. இப்போது வெள்ளைக்கு மூன்று சிப்பாய், கறுப்புக்கு ஐந்து. பார்வையாளராக இருந்து புள்ளிகளை மட்டும் எண்ணினால், உலகச் சாம்பியனுக்கு என்ன ஆயிற்று என்றுதான் தோன்றும்.

ராஜா ஜி5க்கு வந்து யானையை விரட்டியது. யானை இ4க்கு ஒதுங்கியது. இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஜி5இல் இருக்கும் ராஜா பக்கத்திலிருக்கும் எஃப்5 சிப்பாயை இலவசமாக வெட்டலாம். நானாக இருந்தால் கை தானாகவே போயிருக்கும். அவர் வெட்டவில்லை. ராஜாவை எஃப்6க்கு ஏற்றினார். ஏன்? எஃப்5இல் இருக்கும் அந்தக் கறுப்புச் சிப்பாய்தான் வெள்ளை ராஜாவுக்குக் குடை. அது இருக்கும்வரை கறுப்பு யானையால் எஃப் கோட்டில் பின்னாலிருந்து செக் சொல்ல முடியாது. எதிரியின் குடையை எதிரியிடமிருந்தே வாங்கிப் பிடித்துக்கொண்டார். அதோடு யானை எச்8க்கு வந்தால் செக்மேட் என்ற மிரட்டலும் சேர்ந்துகொண்டது.

கறுப்பு ராஜா ஜி8க்கு ஓடியது. யானை ஜி7இல் செக். ராஜா எச்8 மூலைக்குள். யானை சி7 சிப்பாயை வெட்டியது. அடுத்து சி8இல் வந்தால் கதை முடிந்தது. ஆகவே கறுப்பு யானை இ8க்கு ஓடி வந்து வாசலை மறித்து நிற்க வேண்டியதாயிற்று. இதுதான் ஆட்டத்தின் உயிர். ஐந்து நகர்த்தல்களுக்கு முன்பு சிப்பாய்களை வேட்டையாடிக்கொண்டிருந்த யானை இப்போது காவல்காரன். அது காவல்காரனாக மாறியபிறகுதான் காபாபிளாங்கா எஃப்5ஐ வெட்டினார். குடை இனித் தேவையில்லை. அதன்பின் ஏ7, டி5 என்று ஒவ்வொன்றாக விழுந்தன. 47ஆவது நகர்த்தலில் எண்ணினால் வெள்ளைக்கு அதே மூன்று சிப்பாய். கறுப்பின் ஐந்தில் மிஞ்சியது பி6 ஒன்றுதான். 52ஆவது நகர்த்தலில் டார்டகோவர் விட்டுக்கொடுத்தார்.

இரண்டு சிப்பாயைக் கொடுத்து நான்கை வாங்கினார் என்று சுருக்கிச் சொல்லிவிடலாம். எனக்கு அந்தக் கணக்கைவிட வரிசை முறைதான் பிடிக்கும். முதலில் யானைக்கு நல்ல இடம், பிறகு தடையில்லாச் சிப்பாய் ஓர் அடி, பிறகு ராஜா அதன் பக்கத்தில். வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கிடைத்ததை வெட்டிவிட்டு, பிறகு யானைக்கு இடம் தேடுகிறோம்.

அடுத்து, யானையை எங்கே நிறுத்துவது? ஜெர்மனியின் டாராஷ் (தொழிலால் மருத்துவர்) ஒரு விதியைப் பரப்பினார்: யானையின் இடம் தடையில்லாச் சிப்பாயின் பின்னால். சிப்பாய் நம்முடையதானாலும் சரி, எதிரியுடையதானாலும் சரி. இதற்கான காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு உடன்பாடில்லை. காரணம் இதுதான்: யானை பின்னால் இருந்தால் சிப்பாய் ஒவ்வொரு அடி முன்னேறும்போதும் யானைக்கு முன்னால் இடம் கூடுகிறது. முன்னால் நின்று தடுக்கும் யானைக்கோ ஒவ்வொரு அடிக்கும் இடம் குறைகிறது. நம்முடைய சிப்பாய்க்கு முன்னால் நம் யானையே நின்றாலும் அதே கதிதான். சிப்பாய் ஏழாம் வரிசைக்கு வந்ததும் யானை எட்டாம் வரிசையில் அகப்பட்டுக்கொள்ளும். அது விலகினால்தான் சிப்பாய் ராணியாகலாம், விலகினாலோ எதிரி சிப்பாயை வெட்டிவிடுவான்.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் 1927இல் புவெனஸ் அயர்ஸில் நடந்தது. இந்த முறை அதே காபாபிளாங்கா எதிர்ப்பக்கத்தில். அலெகைனுக்கு எதிரான உலகப் பட்டத் தொடரின் 34ஆவது ஆட்டம். ராஜாவின் பக்கம் மூன்றுக்கு மூன்று சிப்பாய், அலெகைனுக்கு மட்டும் ஏ கோட்டில் தடையில்லாச் சிப்பாய் ஒன்று கூடுதல். அவர் யானையை அதன் பின்னால் வைத்தார். காபாபிளாங்காவின் யானை முன்னால் நின்று தடுத்தது. அவ்வளவுதான், ஒரு யானை சுதந்திரம், இன்னொரு யானை கைதி. கைதிக்குத் துணையாகக் கறுப்பு ராஜாவும் அந்தப் பக்கம் வரவேண்டியதாயிற்று. அது வந்து சிக்கிக்கொண்டதும் அலெகைனின் ராஜா திரும்பி மறுபக்கம் நடந்து அங்கிருந்த சிப்பாய்களைக் கவனித்தது. 82 நகர்த்தல்கள். ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது, காபாபிளாங்கா மறுநாள் வந்து உட்காரவில்லை. கடிதம் எழுதித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பட்டம் கைமாறியது. எண்ட்கேமில் அவருக்கு நிகர் இல்லை என்று உலகமே சொன்ன மனிதர் எண்ட்கேமில்தான் பட்டத்தை விட்டார்.

சரி, சிப்பாய் ஏழாம் வரிசைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் நம் ராஜாவே நின்று வழியை அடைக்கிறது. இப்போது? இதற்குத்தான் ‘லூசேனா நிலை’ என்று பெயர். ஸ்பெயின் நாட்டு லூசேனாவின் பெயரில் வழங்கினாலும் அவருடைய 1497ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இந்த நிலை இல்லை. 1634இல் இத்தாலியின் சால்வியோ எழுதிய நூலில்தான் வருகிறது. பெயர் யாருக்குப் போனால் என்ன, வெற்றி நமக்கு வந்தால் சரி.

வெள்ளை: ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, யானை எஃப்1. கறுப்பு: ராஜா இ7, யானை எச்2. முதலில் யானை இ1இல் செக், கறுப்பு ராஜா டி7க்கு ஒதுங்குகிறது. இப்போது பலருக்கும் ராஜாவை உடனே வெளியே கொண்டுவரத் தோன்றும். வேண்டாம். யானையை இ4க்கு நகர்த்துங்கள். நான்காம் வரிசையில் ஏன் என்பது இன்னும் சற்று நேரத்தில் தெரியும். கறுப்பு யானை எச்1. ராஜா எஃப்7க்கு வருகிறது. எஃப்1இல் செக், ராஜா ஜி6. ஜி1இல் செக், ராஜா எஃப்6. எஃப்1இல் மறுபடி செக், ராஜா ஜி5. ஜி1இல் செக். இப்போது நம் யானை இ4இலிருந்து ஜி4க்கு வந்து குறுக்கே நிற்கிறது. செக் முடிந்தது, சிப்பாய் ராணியாகும். இதைப் பாலம் கட்டுவது என்பார்கள். மழை வரும் முன்பே குடையை எடுத்து வைப்பதுபோல், யானை நான்காம் வரிசைக்கு முன்கூட்டியே போய்விட்டது.

தோற்கும் பக்கத்துக்கும் ஒரு மருந்து உண்டு. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிலிடோரின் பெயரில் இருப்பது. உங்கள் ராஜா சிப்பாய்க்கு முன்னால் இருக்கும்போது யானையை உங்கள் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில் வைத்து, எதிரி ராஜா மேலே வரவிடாமல் தடுத்துக்கொண்டே இருங்கள். சிப்பாய் அந்த வரிசைக்குள் அடி வைத்த உடனே யானையைப் பலகையின் மறுகோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் சொல்லத் தொடங்குங்கள். எதிரி ராஜாவுக்கு ஒளிய இடம் இருக்காது, டிரா. இதைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதலாம், இப்போது இது போதும்.

யானைகளைப் பரிமாறிக்கொள்ளலாமா என்பது அடுத்த கேள்வி. இங்கே நமக்குப் பக்கத்து ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர் செந்தோசா. உலகப் பட்டத் தொடரின் கடைசி, 14ஆவது ஆட்டம். இருவரும் ஆறரைப் புள்ளிகள். சென்னையின் குகேஷுக்கு வயது 18, கறுப்புக் காய்கள். ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு மந்திரி. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். யானைகள் பலகையில் இருக்கும்வரை டிங் லிரென் தாக்குப்பிடிக்கலாம் என்ற நிலை. மறுநாள் விரைவு ஆட்டங்கள் நடக்கும் என்று அரங்கில் பலரும் நினைத்திருந்தார்கள். 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2இல் வைத்தார், யானைகள் பரிமாறட்டும் என்று. அவருடைய மந்திரியோ ஏ8 மூலையில் இருந்தது. யானைகள் போனதும் குகேஷின் மந்திரி டி5க்கு வந்து அதையும் பரிமாற வைத்துவிட்டது. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த நிலையில் கூடுதல் சிப்பாய் என்றால் தோல்விதான். 58 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. தமிழ் வீடுகளில் அன்றிரவு எத்தனை பேர் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்கள்!

ஆகவே கிள்ளான் மகளுக்கு நான் சொல்வது: கூடுதல் சிப்பாய் உன்னிடம் இருந்தால், யானைகளைப் பரிமாறுவதற்கு முன் சிப்பாய் ஆட்டத்தைக் கடைசிவரை எண்ணிப் பார். ஜெயிக்கிறது என்றால் தாராளமாகப் பரிமாறு. சிப்பாய் குறைவாக இருப்பது நீயானால் யானையை விட்டுவிடாதே.

அம்மாவுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். சதுரங்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காய்கள் நகரும் விதம் தெரிந்தால் போதும். வாரத்தில் மூன்று இரவு, பத்தே நிமிடம். மேலே சொன்ன லூசேனா நிலையை வைத்து நீங்கள் கறுப்பு ஆடுங்கள், மகள் வெள்ளை ஆடட்டும். பிறகு அதையே ஒவ்வொரு கோடாக நகர்த்தி வைத்து ஆடுங்கள். அடுத்த வாரம் காபாபிளாங்காவின் நிலையை வைத்து, அவள் வெள்ளையாக ஆடி ஜெயிக்கட்டும். பிறகு பக்கத்தை மாற்றுங்கள். கறுப்பாக உட்கார்ந்து அந்த யானை ஏழாம் வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போதுதான் அதன் கனம் புரியும். இரண்டாவது ஆட்டத்தின் குறிப்புத் தாளை அவளிடம் கொடுத்து, யானை பி1இல் போய் உட்கார்ந்த இடத்திலிருந்து மறுபடி ஆடச் சொல்லுங்கள். அந்தப் பி2 சிப்பாய் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு ஆடச் சொல்லுங்கள். நான் ஆடிப் பார்த்தேன், வெள்ளைதான் ஜெயிக்கிறது.

இந்த வாரப் பயிற்சி. வெள்ளை: ராஜா ஜி2, யானை ஏ8, சிப்பாய் ஏ7. கறுப்பு: ராஜா எஃப்7, யானை ஏ1. வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். வெள்ளை யானை தன் சிப்பாய்க்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள். கறுப்பு பின்னாலிருந்து செக் மேல் செக் சொன்னால் உங்கள் ராஜா எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதே நிலையில் கறுப்பு ராஜா எஃப்7க்குப் பதிலாக ஜி7இல் இருந்தால் ஏன் டிரா என்று சொல்பவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண். விடை அடுத்த வாரம்.